இலை விடுக்கும் ஓலை

எமது கல்லூரியின் மேற்கு வகுப்பறையில், சாளரத்தின் மேற்சட்டத்திலே, மண்ணாற் செய்த சிறு குடமொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பாக்கின் அளவினது; கழுத்தும் விளிம்பும் குயவன் திரிகையிலிட்டு வனைந்தாற் போன்ற ஒழுங்கு உடையது. வேட்டுவன் என்று பழைய உரைகள் கூறும் மண்குளவியின் கைவண்ணம் அது. அன்று வகுப்பிலே தொல்காப்பியத்து மரபியல் பாடம். உயிர்களை அறிவின் வகையால் ஆறாகப் பகுத்த ஆசிரியர், புல்லையும் மரத்தையும் உற்றறியும் ஓரறிவு மட்டுமே உடையன என முதற்படியில் வைத்தார். தும்பி முதலியவற்றை ஊறு, சுவை, நாற்றம், ஒளி என்னும் நான்கினையும் அறிவனவாக நான்காம் படியில் வைத்தார். "பயிர் ஓரறிவுயிர், குளவியோ தும்பியின் இனத்தது, நாலறிவுயிர்" என்று கூறிச் சாளரத்துக் குடத்தைச் சுட்டிக் காட்டினேன்.

காட்டியவன் அவ்வளவில் நில்லாது, ஒரு பழைய உவமையையும் எடுத்துரைத்தேன். குளவி ஒரு புழுவைக் கொணர்ந்து கூட்டில் அடைத்து, அதனைக் கொட்டிக் கொட்டித் தன் வடிவாகவே ஆக்கிவிடும் என்பது அது. வடநூலார் அதனைப் பிரமர கீட நியாயம் என்பர். குருவின் அருளினாற் சீடன் குருவாகவே ஆதலை விளக்குதற்கு நம் முன்னோர் இவ்வுவமையை ஆண்டனர். முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் யான் இதனை வகுப்புத்தோறும் சொல்லி வந்திருக்கின்றேன். மாணாக்கர் குறித்துக் கொள்வர், தேர்விலே எழுதுவர், அத்துடன் அது முடியும்.

அன்று முடியவில்லை. பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அம்பாறை மாவட்டத்துக் கமக்காரர் ஒருவரின் மகன். விடுதியில் இருந்து படிப்பவன். "ஐயா, குளவி புழுவைத் தேடிப் பிடிக்கும் என்கிறீர்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் சோளச் சேனை முழுவதையும் புழு தின்றது. அப்பா இரவிரவாக விளக்கோடு நின்று குருத்துக் குருத்தாகப் புழுப் பொறுக்கினார். அவ்வளவு புழுவும் அங்கே இருக்கக் குளவிகள் ஏன் வரவில்லை?" என்றான்.

அவன் கூறியது 2018 – 2019 பெரும்போகத்து நிகழ்ச்சி. அமெரிக்கக் கண்டத்திற்கே உரிய ஒரு படைப்புழு, 2016 இல் ஆபிரிக்காவிலும், 2018 இல் இந்தியாவிலும், அதே ஆண்டில் இலங்கையிலும் தோன்றி, அம்பாறை, அநுராதபுரம், மொனராகலை மாவட்டங்களின் சோளப் பயிரைப் பெரிதும் அழித்தது. 'சேனா' என்று நாட்டு மக்கள் அதற்குப் பெயரிட்டனர். சேனையிலே சேனை புகுந்தது என்று சிலேடையாகச் சொல்லலாம். சொல்லிச் சிரிக்கும் நிலையில் அந்தக் குடும்பங்கள் இருக்கவில்லை. மாணவனின் வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. "அறிந்து சொல்கிறேன்" என்றேன். அறியப் புகுந்தபோது, யான் அதுவரை சொல்லி வந்த இரண்டும், பயிரின் ஓரறிவும் குளவியின் உவமையும், மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியன ஆயின. அக்கதையே இக்கட்டுரை.

குடத்தின் உள்ளே

மறுநாட் காலையில் மாணாக்கர் சூழ நின்று பார்க்க, மண்குடத்தைப் பேனாக்கத்தியால் மெல்லப் பெயர்த்தோம். உள்ளே மெல்லிய பச்சைப் புழுக்கள் ஆறு, நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. அவை சாகவில்லை, ஊசி முனையால் தொட்டபோது ஒன்று சிறிது நெளிந்தது. ஆயினும் எழுந்து ஊரும் வலி அவற்றுக்கு இல்லை. குடத்தின் மேற்புறத்திலிருந்து, கண்ணுக்கு அரிதிற் புலப்படும் ஓர் இழையிலே, சிறு முட்டை ஒன்று தொங்கிற்று. புழு குளவி ஆவதில்லை. அம்முட்டையே குளவி ஆவது. புழுக்கள் அதற்கு வைத்த கட்டுச்சோறு.

இதனை உலகுக்கு விரித்துரைத்தவர் பிரான்சு நாட்டு ழான் ஹென்றி ஃபாப்ரே (1823 – 1915) என்பார். அவரும் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியராக இருந்தவரே. செரிஞான் என்னும் சிற்றூரில், கல்லும் முள்ளும் நிறைந்த ஒரு வளவிலே பல்லாண்டு அமர்ந்து பூச்சிகளை நோக்கி, 1879 தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக அவற்றின் வரலாற்றை எழுதினார். தாய்க் குளவியின் கொடுக்கு புழுவைக் கொல்வதில்லை, அதன் அசைவையே போக்குகின்றது. அதனால் உணவு கெடாது நாட்பட இருக்கின்றது என்பதை அவர் காட்டினார். நம் முன்னோர் பிழைபடக் கண்டார் என்று கூறுதல் தகாது. புழு உள்ளே போவதைக் கண்டனர், குளவி வெளியே வருவதைக் கண்டனர், இரண்டும் உண்மையே. இடையிலே சுவர் இருந்தது. அச்சுவரின் உள்ளே நடந்ததைக் கருத்தினால் நிரப்பினர். உவமை உவமையாகவே இன்றும் நிற்கும். அதனை இயற்கைப் பாடமாக யான் சொன்னதே பிழை.

புழு வேட்டையாடுங் குளவிகள் பல திறத்தன. மண்குளவி போலத் தனித்து வாழ்ந்து, புழுவை அசைவறச் செய்து சேமிப்பன ஒரு வகை. தாள் போன்ற மெல்லிய கூட்டைக் கூரை இறப்பிலும் மரக்கிளையிலும் கட்டிக் கூட்டமாக வாழ்ந்து, புழுவைக் கடித்து மென்று உருண்டையாக்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டுவன மற்றொரு வகை. எறும்பினும் சிறியனவாய்ப் புழுவின் உடலுள்ளேயே முட்டை இட்டு, அதனை உள்ளிருந்து தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் மூன்றாம் வகை. வேட்டையின் முறை வேறு. ஆயினும் மூன்றுக்கும் முதலில் எழும் இடர் ஒன்றே. பரந்த பசுமையிலே, பச்சை நிறத்தோடு பச்சையாய், ஓசையின்றி ஒடுங்கியிருக்கும் புழுவை எங்ஙனம் கண்டுபிடிப்பது?

எச்சில் காட்டிக் கொடுத்தது

புழு தன்னை மறைத்தலிலே தேர்ந்தது. அதன் உடலிலிருந்து எழும் வாசனை மிகச் சிறிது. வாசனை மிகுந்தவை அக்காலத்திற்கு முன்னமே பகைவர் வாய்ப்பட்டு ஒழிந்திருக்கும் அன்றோ? பயிரோ பேருடலுடையது; அதன் மணம் காற்றிலே நெடுந்தூரம் செல்லும். ஆனால், மணம் வீசும் பயிர் எல்லாவற்றிலும் புழு இருப்பதில்லை. புழுவின் மணம் மெய்யானது, எட்டாதது. பயிரின் மணம் எட்டுவது, உறுதியற்றது. இந்த இக்கட்டிலிருந்து குளவியை மீட்பது பயிரே என்பது கடந்த நாற்பது ஆண்டுகளிற் கண்ட உண்மை.

1990 ஆம் ஆண்டில், ரேர்லிங்ஸ், ரம்ளின்சன், லூயிஸ் என்னும் மூவர் அமெரிக்காவிலே இளஞ்சோளப் பயிரை வைத்து ஒரு சோதனை செய்தனர். அவர்கள் எடுத்த புழு, நம் நாட்டைத் தாக்கிய படைப்புழுவின் நெருங்கிய உறவினது. புழு கடித்த சோளம் சில மணி நேரத்தின்பின் ஒரு தனி மணத்தை வெளியிட்டது. ஒட்டுண்ணிக் குளவிகள் அம்மணத்தை நாடிப் பறந்தன. இலையைக் கத்தியாற் கீறினால் பச்சிலை மணமே எழுந்தது. அத்தனி மணம் பெருகவில்லை. கீறிய இடத்திலே புழுவின் வாய்நீரைத் தடவினர். புழு கடித்தது போலவே பயிர் மணத்தது! பின்வந்த ஆய்வுகளிலே, கடிபட்ட இலை மட்டுமன்றி அதே பயிரின் கடிபடாத இலைகளும் அம்மணத்தை விடுதல் தெரிந்தது.

அப்படியாயின், அந்த எச்சிலில் இருந்தது யாது? 1997 இல் அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டு, 'வொலிசிற்றின்' எனப் பெயர் பெற்றது. அதன் அமைப்பு வியப்பிற்குரியது. அதில் ஒரு பகுதி புழு தின்ற இலையிலிருந்து பெற்ற கொழுப்பமிலம். மறு பகுதி புழுவின் உடலிலிருந்து சேர்ந்தது. தன்னிடமிருந்து களவு போன பொருளின் ஒரு துண்டைக் கள்வனின் வாயிலே கண்டு, "கள்வன் இவன்" என்று பயிர் ஊருக்கு அறிவிப்பது போன்றது இது.

ஒரு தெளிவு ஈண்டு வேண்டும். பயிர் குளவியை நினைந்து அழைக்கின்றது என்று யாம் கூற முற்படவில்லை. மனத்தால் எண்ணிச் செய்வதன்று அது. இலைக்குள் நிகழும் இரசாயன மாற்றத்தின் விளைவாக மணம் எழுகின்றது. அம்மணத்தின் பொருளைக் குளவி அறிகின்றது. அறிந்த குளவியினாற் பயிர் நன்மை பெறுகின்றது. இலை ஓலை விடுக்கின்றது என்று தலைப்பிலே சொன்னது உவமை. ஓர் உவமையை முப்பது ஆண்டு மெய்யெனச் சொன்னவன், மற்றோர் உவமையில் விழிப்பாய் இருத்தல் நன்று.

ஓலையைப் படிக்கும் குளவி

இந்த ஓலை "புழு வந்தது" என்று மட்டும் சொல்வதன்று. எந்தப் புழு என்பதையும் சொல்லும். 1998 இல் டி மொறாயிஸ் என்னும் அம்மையாரும் உடனாய்வாளரும் புகையிலை, பருத்தி, சோளம் என்னும் மூன்று பயிர்களை ஆராய்ந்தனர். உருவத்தால் ஒத்த, இனத்தால் நெருங்கிய இருவகைப் புழுக்கள் அப்பயிர்களைத் தின்னும். ஒட்டுண்ணிக் குளவி ஒன்று அவ்விரண்டில் ஒன்றையே நாடும். மற்றையதில் அதன் குஞ்சு வளராது. எந்தப் புழு தின்கின்றதோ அதற்கேற்பப் பயிரின் மணக்கலவை வேறுபட்டது. குளவி தனக்குரிய புழு இருந்த பயிரையே தேர்ந்து சென்றது. புழுவையும் கடிபட்ட இலையையும் அகற்றிய பின்னரும் அத்தேர்வு பிழைக்கவில்லை. எஞ்சிய நல்ல இலைகளே செய்தியைச் சொல்லின. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே புகையிலை நாட்டுத் தழைத்த குடும்பங்கள் பல. அவர்களிற் பலரும் புகையிலையின் காரத்தை அறிவர், அதன் மணத்துள் இத்தனை சொல் இருத்தலை அறியார். யானும் அறியாதவனே.

சொல் இருந்தாற் போதாது. படிப்பவனுக்கு எழுத்தறிவு வேண்டும். குளவி கற்கின்றது. 1990 இல் லூயிஸ், தகாசு என்னும் இருவர், ஒட்டுண்ணிக் குளவியை வனிலா மணத்தோடும் சொக்கிலேற் மணத்தோடும் பழக்கினர். ஒரு மணத்துடன் உணவும், மற்றதனுடன் புழுவும் எனக் கற்பித்தபின், பசித்த குளவி உணவின் மணத்தையும், பசி நீங்கிய குளவி புழுவின் மணத்தையும் நாடிற்று. எந்தப் பயிரின் மேற் புழுவைக் கண்டதோ அந்தப் பயிரின் மணத்தை நினைவிற் கொண்டு மீண்டும் அங்கே செல்லல் குளவிக்கு இயல்பு. ஆகவே, ஒரே புழு இரு வேறு பயிர்களில் இருப்பினும், குளவிக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. பழகிய பயிரிலுள்ள புழு முன்னே பிடிபடும். பழகாத பயிரிலுள்ளது தப்பிப் பிழைக்கும்.

மறைவிடமும் நஞ்சும்

இதுவரை பயிரைக் குளவியின் தோழியாகவே கண்டோம். புழுவுக்கும் அது புகலிடம் அன்றோ? வீடும் அதுவே, உணவும் அதுவே, சிலபோது படைக்கலமும் அதுவே.

படைப்புழு சோளத்தின் குருத்துச் சுருளுக்குள் இறங்கித் தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளிருந்து தின்னும். கமக்காரர் தெளிக்கும் மருந்தே அங்கு எட்டுவது அரிது. வேறு சில புழுக்கள் இலையை மடித்தும் சுருட்டியும் பட்டிழையால் தைத்து அறை அமைத்துக்கொள்ளும். அவ்வறையிலும் ஓர் இடர் உண்டு. எச்சம் சேரச் சேர மணம் எழும்; மணம் எழுந்தாற் குளவி வரும். அமெரிக்காவிலே அவரைக் குலத்துச் செடிகளின் இலையை மடித்து வாழும் ஒரு வண்ணத்துப் பூச்சியின் புழு, தன் எச்சத்தை உடலின் நீளத்தைப் போல் 38 மடங்கு தூரம் வரை வீசி எறியும். ஏன் இத்துணை வலிந்து எறிகின்றது என்பதை மார்த்தா வைஸ் என்னும் ஆய்வாளர் 2003 இல் விளக்கினார். எச்சம் வைத்த இலையறையையும், அதே அளவினவாகிய கண்ணாடி மணிகள் வைத்த இலையறையையும் கூட்டுக் குளவியின் முன் வைத்தபோது, குளவி எச்சம் இருந்த அறையையே நாடிற்று. வீட்டைத் துப்புரவாக வைத்தல் புழுவுக்கு நாகரிகம் அன்று, உயிர்க்காப்பு.

இனி நஞ்சு. வேலியோரத்து எருக்கலையை யாவரும் அறிவர். ஆடும் தின்னாத பால் அதற்கு. அதனைத் தின்று வளரும் ஒருவகை வண்ணத்துப் பூச்சியின் புழு, வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாகக் கோலமிட்டது போன்ற உடலோடு, ஒளியாமல் வெளிப்பட இலைமேல் இருக்கும். எருக்கின் இனத்துச் செடிகளைத் தின்னும் இத்தகைய புழுக்கள் செடியின் நஞ்சைத் தம் உடலிலே சேர்த்து வைப்பன. பறவைகள் அஞ்சி விலகும். குளவியோ முற்றும் அஞ்சுவதில்லை. அமெரிக்காவிலே இவ்வினத்துப் புழு ஒன்றைக் கூட்டுக் குளவி பிடித்து, குடலைப் பிதுக்கி எறிந்துவிட்டு எஞ்சிய தசையைக் கொண்டு செல்லல் காணப்பட்டுள்ளது. மீனைக் குடல் நீக்கி ஆய்ந்து எடுக்கும் நம் வீட்டுப் பெண்மணிகளின் கைத்திறன் அக்கொடுக்குயிர்க்கும் வாய்த்திருக்கின்றது.

பல பயிரையும் தின்னும் புழு, ஒரே பயிரைத் தின்னும் புழு ஆகிய இரண்டையும் இணை இணையாகக் குளவியின் முன் வைத்து, 1988 இல் எலிசபெத் பேர்னேய்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். பல பயிர் தின்னும் புழுக்களே மிகுதியாக வேட்டைப்பட்டன. ஒரே பயிரோடு வாழ்வது உணவுக்கு இடையூறு போலத் தோன்றினும், அப்பயிரின் நிறமும் நஞ்சும் மறைவும் தன்னுடையனவாக ஆகிவிடுதலின் அது காவலாகவும் அமைகின்றது. வேற்றூர் தோறும் திரிபவனைப் பார்க்கிலும் தன் ஊரின் சந்து பொந்து அறிந்தவன் பகைவரிடமிருந்து தப்புதல் எளிது என்பதை ஒக்கும் இது.

வாயடைத்த பயிர்

இவ்வளவும் கற்றபின் மாணவனின் வினாவுக்குத் திரும்பினேன். சோளம் ஓலை விடுக்க வல்ல பயிர். அவ்வாற்றல் சோளத்திலே நன்கு ஆராயப்பட்டதும் உண்டு. பின் ஏன் அந்தச் சேனைக்குக் குளவிகள் வரவில்லை? அந்தச் சேனையை யான் கண்டவன் அல்லேன். அங்கே நடந்தது இதுவே என்று துணிந்து கூறேன். ஆயினும் விடையின் கூறுகள் மூன்று எனக்குப் புலப்பட்டன.

முதலாவது, புழுவின் சூழ்ச்சி. இந்தப் படைப்புழு சோளத்தைத் தின்னும்போது, வேறு புழுக்கள் தின்னும்போது எழும் அளவுக்கு மணம் எழுவதில்லை என்றும், அது பயிரின் மணத்தை அடக்கிவிடுகின்றது என்றும் 2020 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. கள்வன் காவலாளியின் வாயைப் பொத்திவிட்டே களவு செய்கின்றான்.

இரண்டாவது, நம்முடைய கை. கென்யாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2011 இல் வெளியாயிற்று. தண்டு துளைக்கும் பூச்சி இலைமேல் முட்டை இட்ட அளவிலேயே, புழு பொரிக்கு முன்னமே, இலத்தீன் அமெரிக்கப் பழஞ்சோள இனங்கள் ஒட்டுண்ணிக் குளவிகளை ஈர்க்கும் மணத்தை விடுத்தன. கடைகளில் விற்கும் கலப்பினச் சோளம் அவ்வாறு விடுக்கவில்லை. நிலத்தின் கீழும் இதுவே கதை. வேரைப் புழு தின்னும்போது சில சோள இனங்கள் மண்ணுக்குள் ஒரு மணத்தைப் பரப்பிப் புழுக்கொல்லியான நுண்புழுக்களை வரவழைக்கும். வட அமெரிக்க இனங்கள் பல அவ்வாற்றலை இழந்துவிட்டன என 2005 இல் ரேர்லிங்ஸ் குழுவினர் சுவிற்சர்லாந்திலிருந்து எழுதினர். விளைச்சல் ஒன்றையே நோக்கி விதை தேர்ந்த தலைமுறைகள், பயிரின் வாயிலிருந்து ஒரு சொல் நழுவியதை அறியவில்லை. பழஞ்சொற்கள் வழக்கொழிவதைக் கண்டு வருந்துவது எம் போன்றோரின் தொழில். ஒரு பயிரும் தன் சொல்லை மறக்கக் கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மூன்றாவது, மருந்து. ஓலை சென்றாலும் அதனைப் படித்து வருவதற்குக் குளவி உயிரோடு இருத்தல் வேண்டும். பரந்து தெளிக்கும் கிருமிநாசினி குருத்துக்குள் ஒளிந்த புழுவை எட்டு முன்னமே, இலைமேல் உலாவும் குளவியை எட்டிவிடுகின்றது. வரப்பிலே பூஞ்செடியும் கொடியும் இல்லாது வெறுமையாக்கிய காணியிலே, வளர்ந்த குளவிக்கு உண்ணத் தேனும் இல்லை. தங்க நிழலும் இல்லை. வேலைக்காரரை வரச் சொல்லிவிட்டுப் படலையைப் பூட்டி வைப்பது போன்ற செயல் அது.

அழைக்கும் புல்

இழந்ததை மீட்க வழி உண்டோ? உண்டு என்பதற்குக் கென்யாவிலிருந்தே சான்று வந்தது. ஸியாவுர் கான் என்னும் அறிஞரும் அவரோடு பணியாற்றிய கென்ய, ஆங்கில ஆய்வாளரும் 1997 இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். ஒருவகைப் புல், புழு கடியாமலே, கடிபட்ட சோளம் விடுக்கும் மணப்பொருளைத் தானாகவே விடுத்துக்கொண்டிருக்கும். சோளத்தின் இடையே அப்புல்லை நட்டபோது தண்டு துளைக்கும் புழுக்கள் குறைந்தன. குளவியின் முட்டை ஏற்ற புழுக்களின் தொகை கூடிற்று. சோளம் சொல்ல மறந்ததை அயலிலே நிற்கும் புல் சொல்லிற்று. இதன் வழியே வளர்ந்த பயிர்ச்செய்கை முறையில், சோளத்திடையே அவரைக் குலத்துச் செடி ஒன்று பூச்சியை விலக்கும். வரம்பிலே நட்ட புல் அதனைத் தன்பால் இழுக்கும். கிழக்கு ஆபிரிக்காவின் மூன்று நாடுகளில், இம்முறையைக் கைக்கொண்ட சோளத் தோட்டங்களைத் தனிச்சோளத் தோட்டங்களோடு ஒப்பிட்டபோது, படைப்புழுக்களின் தொகை நூற்றுக்கு 80 க்கு மேற் குறைந்திருந்தது என 2018 இல் அறிக்கை வந்தது. அந்தப் பயன் முழுவதும் குளவியால் வந்ததன்று. விலக்குதலும் இழுத்தலும் சேர்ந்து செய்தது அது.

கூட்டுக் குளவிக்கும் ஒரு சான்று உண்டு. 2019 இல் வெளிவந்த பிறேசில் நாட்டு ஆய்வொன்றிலே, கூட்டுக் குளவிகளை விட்ட இடத்தில், கரும்பிலும் சோளத்திலும் புழுவின் தொகையும் பயிர்ச் சேதமும் குறைந்தன. சோளத்தில் அங்கே இருந்தது நம் நாட்டுக்கு வந்த அதே படைப்புழு. கொட்டும் என்று அஞ்சி நாம் தீவைத்துக் கொளுத்துங் கூடுகள், கூலி கேளாத காவற்காரரின் குடில்கள் என்பது இதனால் விளங்கும்.

இவை அனைத்தையும் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்பிற் கூறினேன். மருந்தே கூடாது என்று யான் சொல்லவில்லை. பயிர் முழுவதும் அழியும் வேளையிற் செய்யத் தக்கது எது என்பதை விவசாயப் போதனாசிரியரே சொல்லத் தகுந்தவர். குளவியையும் கணக்கிற் சேர்த்து எண்ணுங்கள் என்பதே யான் சொன்னது. அம்மாணவன் அன்றிரவே தந்தையோடு தொலைபேசியிற் பேசி, "வாடிக் கூரையிலுள்ள குளவிக் கூட்டைத் தட்ட வேண்டாம்" என்று கேட்டிருக்கின்றான். "கொட்டினால் வைத்தியச் செலவைப் பண்டிதர் ஐயா தருவாரோ?" என்று தந்தை கேட்டாராம். கூட்டைத் தட்டினாரோ இல்லையோ யான் அறியேன். அடுத்த முறை அவன் வீடு சென்று திரும்பியபோது, "கூடு இருக்கிறது ஐயா, அப்பா வாடியின் மற்றப் பக்கத்தால் நடந்து போகிறார்" என்றான்.

மரபியலை இன்றும் நடத்துகின்றேன். பயிர் ஓரறிவுயிர் என்றே சொல்கின்றேன். ஆசிரியர் வகுத்த வகையை மாற்ற யான் யார்? ஆயினும் அவ்விடத்தில் இப்போது சற்று நிற்கின்றேன். உற்றறிதல் என்னும் அந்த ஒன்றினுள் எவ்வளவு அடங்கும் என்று மாணாக்கரைக் கேட்கின்றேன். தன்மேற் பட்ட கத்தியையும் பல்லையும் வேறு பிரித்து அறிவது, இன்ன புழுவின் எச்சில் இது என்று அறிவது, அறிந்ததை அயலுக்குப் புலப்படுத்துவது ஆகிய இவையெல்லாம் அந்த ஒன்றினுள் அடங்குமாயின், ஒன்று என்பது சிறிய எண் அன்று.

சங்கப் புலவர் வாக்கிலே குளவி என்பது ஒரு பூச்சியின் பெயர் மட்டுமன்று. மலைச்சாரலில் மணம் கமழும் ஒரு மல்லிகைக் கொடிக்கும் அதுவே பெயர். மணக்கும் கொடியும் வேட்டையாடும் பூச்சியும் ஒரு சொல்லிலே கூடியது தற்செயலாய் இருக்கலாம். ஆயினும் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் அண்ணாந்து சாளரத்தைப் பார்க்கின்றேன். பழைய குடம் இருந்த இடத்தில் மண் தடம் மட்டும் தெரிகின்றது. அதற்கு ஒரு சாண் தள்ளிப் புதிய குடமொன்று பாதி எழும்பி நிற்கின்றது. அதனை நாம் பெயர்க்கப் போவதில்லை.